ஒரு சாண் குறைச்சல்

சாம்பக்கொம்பையில் யாருக்காவது போர்வை வேண்டுமென்றால் ஆள் வராது, கயிறுதான் வரும். ஏழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேகம் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் குந்திக்கொள்கிற அந்த மலையூரில், சணல் கயிற்றைத் தலை உச்சியில் வைத்துக் குதிகால் வரைக்கும் இழுத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, பேரெழுதின சீட்டை அதில் கட்டி, பிரகாசி வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் அதை எடுத்து நடுக்கூடத்துச் சுவரில் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்டிவிட்டு, உல்லன் நூலையும் குரோஷா ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

உட்கார்ந்த உடனே போர்வையைத் தொடங்கிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுவாள். அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மேஜைமேல் பரப்பி, அதன்மேல் நாலு விரலைச் சேர்த்து வைத்து, விரல்களுக்கடியில் எத்தனை கண்ணி அடங்குகிறது என்று எண்ணுவாள். பதினாலு. எந்த நூலானாலும், எந்த மாசமானாலும், அவள் கைக்கு நாலு விரலுக்குப் பதினாலு கண்ணி. அதை வைத்துத்தான் கயிற்றின் நீளத்துக்கு எத்தனை கண்ணி, அகலத்துக்கு எத்தனை வரிசை என்று பழைய காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போடுவாள். மாதிரித் துண்டு போடாமல் போர்வையைத் தொடங்குகிறவளை அவள் மனுஷியாகவே மதிக்கமாட்டாள்.

கயிற்றளவு அப்படியே போர்வையளவு ஆகிவிடாது, அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. ஆம்பளைக்கென்றால் கயிற்றைவிட ஒரு சாண் கூட. கால் நீட்டிப் படுப்பான், புரளுவான், உழைக்கிற உடம்பு, தாராளமாக இருக்கட்டும். பொம்பளைக்கென்றால் கயிற்றைவிட ஒரு சாண் குறைச்சல். பொம்பளை சுருண்டுதானே படுப்பாள், அவளுக்கு எதற்கு அவ்வளவு நூல்? இந்த முறையை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிரகாசிக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் இதைச் சொல்லித்தரவில்லை, பைபிளிலும் இல்லை. ஆனாலும் இருபத்தேழு வருஷமாக அவள் அப்படித்தான் பின்னிக்கொண்டிருந்தாள், ஊரில் அவள் போர்வை இல்லாத கட்டில் கிடையாது.

வெளியூரிலிருந்து காரட் ஏற்ற வருகிற லாரிக்காரர்கள், டீ குடிக்கிற நேரத்தில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், "உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாம் நல்லா ஓங்குதாங்கா இருக்காங்கய்யா, பொம்பளைங்கதான் என்னமோ குட்டை குட்டையா இருக்காங்க" என்று. "தண்ணி அப்படி" என்று டீக்கடைக்காரர் சொல்லுவார். அதற்கேற்ற மாதிரிதான் வீடுகளும் கட்டியிருந்தார்கள்: முன்வாசல் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நுழையலாம் என்கிற உயரம், சமையலறை வாசல் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரே தண்ணியைக் குடித்து ஒருத்தன் வளர்ந்து ஒருத்தி குறைவது எப்படி என்று கேட்க ஒரு நாதி இல்லை அந்த ஊரில்.

பிரகாசிக்கு ஒரே மகள், ரெஜினா. அவளைக் காரட் கழுவுகிற கொட்டகையில் மேஸ்திரியாக இருந்த கிளமெண்டுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த இரண்டாம் வருஷம், பனி விழத் தொடங்குவதற்கு முன்னால், மாமியார் தன் கையால் மருமகனுக்கு ஒரு கம்பளி பின்னிக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். கிளமெண்டின் கயிறு வந்தது. ஏழரைச் சாண். பிரகாசி அதை ஆணியில் மாட்டி, ஒரு சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்த நாளில், மாதாவுக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மாதிரித் துண்டு போட்டாள். பதினாலு கண்ணி. ஏழரையோடு ஒன்று சேர்த்து எட்டரைச் சாணுக்குக் கணக்கும் எழுதிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ரெஜினா வீட்டுக்கு வந்தாள். இடது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தாள். காப்பித் தம்ளரை ஒற்றைக் கையால் வாங்கினாள். பிரகாசி சால்வையை விலக்கிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், காய்ச்சின கரண்டிக் காம்பு படுத்திருந்த தடம் பச்சைப் புண்ணாக இருந்தது.

"கொழம்பு ஆறிப்போயிருந்துச்சாம்மா" என்றாள் ரெஜினா.

திங்கட்கிழமை பங்குப் பேரவை கூடியது. கிளமெண்டுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். பேரவைத் தலைவர் ஞானாதிக்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். கைய ஓங்குனது தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா பொம்பளதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலைகளுக்கு நடுவில் தன் புருஷன் இன்னாசியின் தலையும் ஆடுவதைப் பிரகாசி பார்த்தாள். பெற்ற அப்பன்! மகளுடைய கையில் தோல் வழண்டு கிடக்கிறது, இவன் தலை வேப்பமரக் கிளை மாதிரி ஆடுகிறது. ரெஜினாவைப் புருஷனோடு அனுப்பிவைத்தார்கள், போகும்போது அவள் மாமியார் அருளாயி திரும்பி, "மதினி, கம்பளிய மறந்துராதீக, பனி வந்துரும்" என்று நினைவூட்டிவிட்டுப் போனாள்.

பிரகாசி மறக்கவில்லை. அன்றைக்கே தொடங்கினாள். காலண்டர் தாளில் என்ன எழுதியிருந்ததோ அதே கண்ணி, அதே வரிசை, ஒன்று கூட்டவில்லை ஒன்று குறைக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டது சனிக்கிழமைக் கை, பின்னினது திங்கட்கிழமைக் கை. நூலை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கரண்டிக் காம்பு கண்ணில் நின்றது, நாற்காலி நின்றது, இன்னாசியின் தலை ஆடியது, 'அனுசரிச்சு' என்கிற வார்த்தை காதுக்குள் ஈயம் மாதிரி இறங்கியது, இறங்க இறங்க விரல் இறுகியது, விரல் இறுக இறுகக் கண்ணி இறுகியது, கடைசி வரிசைகளில் ஊசி நுழைய இடமில்லாமல் குத்தி இழுக்க வேண்டியிருந்தது. கணக்குப்படி எல்லா வரிசையும் முடிந்ததும் எடுத்து உதறிப் பார்த்தாள். எட்டரைச் சாண் வரவேண்டிய கம்பளி நாலு சாணும் சொச்சமுமாக, பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

வேறொரு சமயமாக இருந்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி பின்னியிருப்பாள். கை பிரிக்கத்தான் போனது. அந்த நேரம் பார்த்து அருளாயி வந்து, "என்ன மதினி, இம்புட்டுக்காணு இருக்கு?" என்றாள்.

"இதுதான் அளவு" என்றாள் பிரகாசி. "அனுசரிச்சுக்கச் சொல்லுங்க."

கிளமெண்ட் அதை வேறொருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமியார் வீட்டுச் சீர் என் பேருக்கு வந்தது, நான்தான் போர்த்துவேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் பழைய கம்பளியையும் எடுத்து விரித்துக்கொள்ளச் சொன்னாளாம் ரெஜினா, அதற்கும் ஒரு அறை விழுந்ததாம். பனியில் கால் வெளியே நீட்டினால் விறைக்கிறது, ஆகவே முழங்காலை மடக்கினான், தாடைக்கடியில் செருகினான், முதுகை வளைத்தான். பத்தாம் நாள் காலையில் அவன் எழுந்து நின்றபோது கட்டிலின் விளிம்பு அவன் மார்பு உயரத்தில் இருந்தது. கம்பளி அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. நாலு சாணும் சொச்சமும்.

இதற்கு ஊர் என்ன செய்தது தெரியுமா? இடிந்துபோனதா, ஓடி ஒளிந்ததா? ஒன்றுமில்லை. "மேஸ்திரி கொஞ்சம் சிறுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டு, அவரவர் அவர்களால் ஆனதைச் செய்யப் புறப்பட்டுவிட்டார்கள். தச்சர் கோயில் பெஞ்சுக்கு இரண்டு படி வைத்த சின்ன ஏணி செய்து கொடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குட்டி நாற்காலி கொட்டகைக்குப் போனது, அதற்குக் கைப்பிடியும் மெத்தையும் வைத்தார்கள். டீக்கடையில் அவனுக்கென்று மருந்துக் குப்பியின் மூடியளவுக்கு ஒரு தம்ளர் வாங்கி வைத்து, முன்பு "வா கிளமெண்டு" என்றவர்கள் இப்போது "வாங்க மேஸ்திரி" என்றார்கள். பஸ்ஸில் ஏறினால் அரை டிக்கெட் கேட்கக் கண்டக்டருக்குத் தைரியம் வரவில்லை, முழு டிக்கெட்டும் ஜன்னலோர சீட்டும் கொடுத்தார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், சிறியவர்களை இகழாதீர்கள் என்று மூன்று வாரம் தொடர்ந்து பேசினார். ஒரு ஆம்பளை நாலு சாணுக்கு வந்தால் ஊர் முழுக்கத் தன் படிக்கட்டையும் தம்ளரையும் நாக்கையும் அவனுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்கிறீர்கள்? ஒரு வாரம். வெறும் ஒரு வாரம்!

உடம்புதான் சிறுத்ததே தவிர அவன் குரல் சிறுக்கவில்லை. தினமும் காலையில் ரெஜினா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். காரட் கழுவுகிற தொட்டி ஓரமாக அவனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் அந்த உயரத்திலிருந்து வேலைக்காரர்களை அதட்டினான். அடிக்கக் கை எட்டவில்லை, அதனால் கடித்தான். மெதுவாக நடந்தால் கடித்தான், வேகமாக நடந்தால் கடித்தான், குழம்பு ஆறினால் தோளில் கடித்தான். ரவிக்கைக்கு மேலே கழுத்தோரம் பல்தடம் வரிசையாகத் தெரிந்தது. பார்த்த பெண்கள், "பாவம், அவருக்கு உள்ளுக்குள்ள என்ன வேதனையோ" என்றார்கள். அருளாயி, "சின்னப் பல்லு, அது என்னா வலிச்சுரப் போகுது" என்றாள்.

பிரகாசி கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது. அவன் குறுகினதில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது, ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள் மகள் அவனைச் சுமந்துகொண்டு ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்தபோது அது போய்விட்டது. அவனைச் சின்னவனாக்கி என்ன பிரயோசனம், அந்தப் பாரமும் இவள் இடுப்பில்தானே ஏறிவிட்டது?

மார்கழி பிறந்ததும் பேரவை மறுபடி கூடியது. கம்பளியால் சுருங்கினவன் கம்பளியால்தான் நீள முடியும் என்று தீர்மானமாயிற்று. வீட்டுக்கு ஆறு உருண்டை உல்லன் நூல் வசூலித்தார்கள். போர்வை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதில்தான் பேச்சு நீண்டது. முன்பு அவன் எவ்வளவு உயரம் இருந்தான்? "எட்டுச் சாண் இருப்பான் என் பிள்ள" என்றாள் அருளாயி. "ஒம்பது இருக்கும், கோயில் மணிக் கயித்த எக்காமப் பிடிப்பான்" என்றார் ஒருத்தர். அவனே எழுந்து, அதாவது மேஜைமேல் எழுந்து, ஒன்பதரை என்றான். கடைசியில் ஞானாதிக்கம், "ஆம்பள, தாராளமா இருக்கட்டும்" என்று சொல்லிப் பத்துச் சாண் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டார். அவனுடைய சொந்தக் கயிறு, ஏழரைச் சாண், பேர் எழுதின சீட்டோடு பிரகாசி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போய்ப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"போட்டுக் குடுத்துரு புள்ள" என்றான் இன்னாசி வீட்டில். "மாப்பிள்ள பழையபடி ஆயிட்டா நம்ம பிள்ளைக்கும் நிம்மதி."

"பழையபடின்னா எப்படி? கரண்டியக் காய்ச்சுற மாதிரியா?"

இன்னாசி, தப்பித்தால் போதும் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

பத்துச் சாண் கயிற்றை ரெஜினாதான் கொண்டுவந்தாள். இடுப்பில் புருஷன், கையில் கயிறு. கூடத்தில் வந்து நின்று, ஆணியில் மாட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. குதிகாலை உயர்த்தினாள். அப்போதும் எட்டவில்லை. "ஏய், ஒரு கயித்த மாட்டத் துப்பில்ல" என்று இடுப்பிலிருந்து அவன் கத்தினான்.

பிரகாசியின் கை ஊசியோடு நின்றது. அந்த ஆணிகளை அடித்ததே ரெஜினாதான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், தரையில் சாதாரணமாக நின்றபடி, ஒரு கையில் ஆணியும் ஒரு கையில் சுத்தியலுமாக, பாட்டு முனகிக்கொண்டே அடித்தாள்.

"அவன எறக்கி விடு" என்றாள் பிரகாசி. ஆணி ஆணியாகத் தேடி, ரெஜினாவின் கல்யாணக் கம்பளிக்கு அளந்த கயிற்றை எடுத்தாள். "நிமிந்து நில்லு" என்றாள். உச்சந்தலையில் ஒரு முடிச்சை வைத்துக் கயிற்றைக் கீழே விட்டாள். கயிறு குதிகாலைத் தொட்டு, அதோடு நிற்காமல், தரையில் விழுந்து படுத்துக்கொண்டது. குனிந்து சாணை வைத்து அளந்தாள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில், மயிரிழை கூடக் குறையாமல், ஒரு சாண்.

ஏழு சாண் பெண் ஆறு சாணாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறாள். ஒரு ஏணி செய்தார்களா? ஒரு நாற்காலி வந்ததா? பேரவை கூடியதா? பெற்ற அப்பன் கவனித்தானா, பெற்ற அம்மா கவனித்தாளா? பிரகாசிக்கு யார்மேல் பாய்வது என்றே தெரியவில்லை, கிளமெண்ட்மேலா, அருளாயிமேலா, ஞானாதிக்கம்மேலா என்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கோபம் கடைசியில் அவள் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் அந்த ஒரு சாணைக் குறைத்தது அவள். மகளின் கல்யாணக் கம்பளிக்கு ஏழு என்று அளந்து, காலண்டர் தாளில் ஆறு என்று எழுதி, சிவப்பும் மஞ்சளுமாக ஆசை ஆசையாகப் பின்னிக் கொடுத்தது அவளுடைய இந்தக் கைதான். சமையலறைப் பரணில் இருந்து உப்பு ஜாடியை எடுக்கத் தனக்கு எந்த வருஷத்திலிருந்து முக்காலி தேவைப்படத் தொடங்கியது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இருபத்தேழு வருஷம். ஊரில் எத்தனை பெண்கள், எத்தனை சாண்.

"என்னம்மா?" என்றாள் ரெஜினா.

"ஒண்ணுமில்ல. இந்த வேலைக்கு நூல் சுத்த ஆள் வேணும். முடியிற வரைக்கும் நீ இங்கதான் இருக்கணும்னு உன் மாமியாகிட்டப் போய்ச் சொல்லு. அவனையும் அங்கேயே விட்டுட்டு வா."

மகனுக்காகப் பின்னுகிற கம்பளி அல்லவா, அருளாயியால் மறுக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவளே மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மூன்றாம் நாள் அவள் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். சின்னப் பல் கடித்தது வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பிரகாசி மாதிரித் துண்டு போட உட்கார்ந்தாள். முதலில், மனசைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டு தொடங்குவோம் என்று ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். பத்து மணி உருட்டினாள். பிறகு சட்டென்று அதைக் கீழே வைத்தாள். எதற்கு ஆற்ற வேண்டும்? போன தடவை கணக்குத் தப்பினதற்குக் காரணம் கோபமில்லை. கோபம் வருவதற்கு முன்னால் மாதிரி போட்டதுதான் காரணம். எந்தக் கை பின்னப் போகிறதோ அந்தக் கைதான் மாதிரியும் போட வேண்டும், இது முதல் நாள் பின்ன வருகிறவளுக்கே தெரிய வேண்டிய பாடம். ரெஜினாவை எதிரில் உட்காரவைத்து, இடது கைச் சால்வையை விலக்கச் சொல்லி, அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே, பேரவை மண்டபத்து நாற்காலியை நினைத்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே ஒரு உள்ளங்கை அகலம் பின்னினாள். அலசினாள், உலர்த்தினாள், நாலு விரலை வைத்தாள். இருபத்தெட்டு கண்ணி. சமாதானத்தில் பதினாலு, கோபத்தில் இருபத்தெட்டு, நேர் இரட்டை.

காலண்டர் தாளைத் திருப்பினாள். ரெஜினாவின் கயிறு ஏழு சாண், அதோடு தாராளத்துக்கு ஒரு சாண், ஆக எட்டு. நீளத்துக்கும் இரட்டிப்பு, அகலத்துக்கும் இரட்டிப்பு. பத்துச் சாண் ஆம்பளைக்காக ஊர் சேர்த்த நூல், எட்டுச் சாண் பெண்ணுக்கு, அந்த இறுக்கத்தில், உருண்டை மிச்சமில்லாமல் சரியாக வந்தது. இந்த முறை அவள் கோபத்தை அடக்கவில்லை, பாட்டுப் பாடி ஆற்றவில்லை, தண்ணீர் குடித்துத் தணிக்கவில்லை. குறையும்போதெல்லாம் தடத்தைப் பார்த்துக்கொண்டாள், சமமாக வைத்துக்கொண்டாள், முதல் வரிசையில் எவ்வளவோ அவ்வளவே கடைசி வரிசையிலும். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து நூலைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பதினைந்தாம் நாள் தாயும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினார்கள். எட்டுச் சாண், நூல் பிசகவில்லை.

"பத்து கேட்டாங்களேம்மா" என்றாள் ரெஜினா.

"அவங்க கேட்டாங்க. இது உனக்கு."

ரெஜினா வெகுநேரம் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ரொம்பப் பெருசா இருக்கே" என்றாள் சின்னக் குரலில்.

"இருக்கட்டும். கால நீட்டிப் படு."

கால் நீட்டிப் படுப்பதென்பது அவளுக்கு உடனே வரவில்லை. முதல் நாள் சுருண்டுதான் கிடந்தாள், காலடியில் கம்பளி வெறுமனே கிடந்தது. மூன்றாம் நாள் முழங்காலை விட்டாள். ஆறாம் நாள் பாதத்தை விட்டாள். பேரவைக்காரர்கள், "முடிஞ்சுதா?" என்று ஆள் அனுப்பினார்கள், "இன்னும் அளவுக்கு வரல" என்று பிரகாசி பதில் அனுப்பினாள், அது பொய்யுமில்லை. பத்தாம் நாள் காலையில் ரெஜினா எழுந்து, கூடத்துக்கு வந்து, அசதியாகச் சுவரில் கையை ஊன்றினாள். உள்ளங்கை ஆணிகளுக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பதிந்தது.

அன்று சாயங்காலம் கம்பளியை வாங்கிப்போக ஊரே வந்தது. முன்னால் ஞானாதிக்கம், பின்னால் அருளாயி, அவள் இடுப்பில் கிளமெண்ட். முன்வாசல் வழியாக ரெஜினா வெளியே வந்தாள், தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. ஞானாதிக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாததால் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"ஏம்மா பிரகாசி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? இது மாப்பிள்ளைக்குன்னு ஊரு குடுத்த நூலு!"

"அவருக்கு ஏற்கனவே ஒண்ணு குடுத்தாச்சு வாத்தியாரய்யா. அனுசரிச்சுக்கச் சொல்லுங்க."

"ஏய்! இங்க வா! வந்து தூக்கு!" என்று கிளமெண்ட் அருளாயியின் இடுப்பில் உதைத்துக்கொண்டு கத்தினான்.

ரெஜினா இரண்டு அடி வைத்து அவன் எதிரில் வந்து நின்றாள். அவன் வாயைத் திறந்தான். கடிக்கத் தோள் எங்கே இருக்கிறது என்று தேடினான். தேடித் தேடித் தலை பின்னுக்குச் சாய்ந்து, அருளாயி அவன் முதுகைத் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. "இது எனக்கு அளவா இருக்கு" என்றாள் ரெஜினா. "நான் அங்க வரமாட்டேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த உயரத்திலிருந்து வந்ததால் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஆம்பளைகள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் வேறு எதையோ பார்த்தார்கள்: கம்பளியின் விளிம்பை, ரெஜினாவின் கணுக்காலை, பிறகு குனிந்து தங்கள் சொந்தக் கால்களை. கூட்டம் கலைந்துபோனபோது வாசல்படியில் பதினொரு கயிறுகள் கிடந்தன, ஒன்றில்கூடப் பேர் எழுதின சீட்டு இல்லை. எந்த மனுஷி எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது கயிறு கொஞ்சம் தள்ளி, வேலியோரம் கிடந்தது. அது அருளாயி கழுத்துத் துண்டிலிருந்து கிழித்தது.

பிரகாசி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கயிறுகளை மகள் ஒவ்வொன்றாக வாங்கி, நின்ற வாக்கில் ஆணிகளில் மாட்டினாள். இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. கடைசியில் அவனுக்குத் தெரிந்ததைத்தான் பேசினான்.

"பசிக்குது" என்றான்.

ரெஜினா, பழக்கதோஷம், உடனே சமையலறைக்குத் திரும்பினாள். நிலையில் நெற்றி மடாரென்று இடித்தது. வீடே அதிர்ந்தது. அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலியில் கண் கலங்கியது.

"பாத்தும்மா, பாத்து" என்று இன்னாசி பதறி எழுந்தான். பதற்றம் உண்மைதான், பொய் சொல்லக் கூடாது. "கொஞ்சம் குனிஞ்சு போகக் கூடாதா?"

பிரகாசி மகளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து, இன்னாசி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போனாள். விறகுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து, புருஷன் கையில் கொடுத்தாள்.

"கஞ்சி வேணும்னா நிலைய இடிங்க" என்றாள். "எட்டுச் சாண். அதுக்கு மேல ஒரு சாண், தாராளமா இருக்கட்டும்."